இரண்டு ஏக்கரில் எல்லாம் வேண்டுமா? செம்பனை ஊரில் ஒருங்கிணைந்த பண்ணை

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு, அதாவது இப்போது பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும் ஊருக்கு வெளியே, உங்கள் தாத்தா வாங்கி வைத்த இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. மூன்று பக்கமும் செம்பனை. நீங்கள் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் வேலை பார்க்கிறீர்கள். மனைவி வீட்டில் இருக்கிறார். மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். கையில் 20,000 வெள்ளி. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து மூன்று மாடு, பத்து ஆடு, நாட்டுக்கோழி, மீன்குட்டை, அசோலா, சாண எரிவாயு, காய்கறி என்று ஒரு வரைபடமே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். "ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவு, வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம் என்கிறார்களே, சாத்தியமா ஐயா?" என்று கேட்கிறீர்கள்.

வாங்காமல் முடியாது. ஆனால் எதை வாங்குவது, எதைச் சும்மா எடுத்துக்கொள்வது என்று தெரிந்தால் அந்த நிலத்தில் நல்ல பண்ணை போடலாம். உங்கள் வரைபடத்தில் ஏழு பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கை நான் அடித்துவிடப் போகிறேன்.

அந்தக் காணொளிகளில் குற்றமில்லை. அவை வேறு மண்ணுக்கு எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிலாங்கூரில் அது 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே தண்ணீரைச் சேர்த்து வைப்பதுதான் விவசாயியின் கவலை. இங்கே தண்ணீரை வடியவிடுவதுதான் கவலை. அங்கே வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி என்று அறுவடைக்குப் பின் மாட்டுக்குத் தீவனம் மிஞ்சுகிறது. நம் ஊரில் மிஞ்சுவது செம்பனை ஓலையும் கொட்டைப் புண்ணாக்கும் களையும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் 1917இல் உங்கள் ஊர்ப் பக்கம்தான் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பயிரோடு வாழ்ந்துவிட்டு, பண்ணை என்றதும் வைக்கோலைத் தேடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 'உள்ளூர் வளம்' என்றால் உங்கள் ஊர் எதைத் தூக்கி எறிகிறதோ அதுதான். எந்தக் கால்நடை என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் மாட்டை வாங்கிவிட்டு அப்புறம் தீவனம் தேடுகிறவர்கள் மாட்டையும் விற்கிறார்கள், கொட்டகையையும் விற்கிறார்கள்.

ஊர் எறிவது என்ன என்று பார்ப்போம்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்குதான் முதலில். தீவனக் கடையில் பி.கே.சி. என்று கேட்டால் தருவார்கள். பக்கத்திலுள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் போய்க் கேட்காதீர்கள். கொட்டையைப் பிழியும் ஆலை வேறு. இதில் புரதம் ஏறக்குறைய 16 விழுக்காடு இருக்கிறது. உலகமெங்கும் கப்பலில் ஏற்றி அனுப்பப்படும் தீவனம் இது. நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இதில் செம்புச் சத்து அதிகம். செம்மறி ஆட்டின் ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று ஆடு மஞ்சள் பூத்துச் செத்துவிடும். வெள்ளாடு இதைத் தாங்கும், மாடும் தாங்கும். ஆகவே யாராவது செம்மறியை மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளாட்டுக்கும் இதையே வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. இதில் பாஸ்பரசு அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கிடாக்களுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். சிறிது சுண்ணாம்புத் தூளும் உப்பும் கலந்து, தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டை ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மூட்டையைத் தயங்காமல் குழியில் கொட்டுங்கள், ஆட்டுக்குக் கொட்டாதீர்கள்.

அடுத்தது களை. சிறுதோட்டக்காரர்கள் மருந்தடித்துக் கொல்லும் அந்த வெள்ளைப் பூச்செடியை மலாய்க்காரர்கள் ரும்புட் இஸ்ரேல் என்பார்கள். செம்பனைக்கு அது தொல்லை, வெள்ளாட்டுக்கு அது விருந்து. புரதம் புண்ணாக்கை ஒட்டி இருக்கும், சில இடங்களில் அதைவிடவும் கூடுதல். பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி, அவர் மருந்தடிக்கும் வரிசைகளில் சிலவற்றை உங்களுக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள். அவருக்கு மருந்துச் செலவு மிச்சம். எப்போது எங்கே மருந்தடித்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. அடித்த இடத்தில் வெட்டிய புல்லை ஆட்டுக்குப் போடுவது அறிவில்லாத காரியம்.

ஓலையைப் பற்றி எல்லாரும் ஆசையாகப் பேசுவார்கள். ஒரு மரத்தில் ஆண்டுக்கு 24 ஓலை அளவில் வெட்டி விழுகிறது. மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து ஊறல் தீவனமாக்குவதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருக்கிறது. செய்யலாம். ஆனால் புரதம் 5 விழுக்காடு அளவில்தான், நார் மிகுதி, நறுக்க இயந்திரம் வேண்டும். அது மாட்டு வயிற்றுக்கான தீவனம். இன்னொன்றும் இருக்கிறது: வரிசையில் அடுக்கி மக்கவிடும் ஓலைதான் அந்த நிலத்துக்காரரின் சாம்பல் சத்து. அதை அள்ளிக்கொண்டு வந்தால் அவருடைய உரத்தை எடுத்து வருகிறீர்கள் என்று அர்த்தம். திருப்பிச் சாணம் கொடுக்க முடிந்தால் மட்டும் கேளுங்கள்.

சந்தையில் தேங்காய் துருவிப் பால் பிழியும் கடையில் சக்கை கிடைக்கும். தோபு செய்கிறவர்களிடம் சோயாச் சக்கை கிடைக்கும். இரண்டும் நல்லவை, இரண்டும் ஒரே நாளில் புளித்துப் போகும். காலையில் எடுத்து அன்றைக்கே கொடுக்க முடிந்தால் எடுங்கள். வண்டி அனுப்ப ஆள் இல்லாத நாளில் ஆடு பட்டினி கிடக்கும் என்றால் அதை நம்பிப் பண்ணை வைக்காதீர்கள்.

இதெல்லாம் எந்தப் பிராணிக்குப் பொருந்துகிறது? வெள்ளாட்டுக்கு. அதனால்தான் மாட்டை அடிக்கிறேன். உங்கள் மாமனாருக்கு இது பிடிக்காது என்று தெரியும். தோட்டத்தில் மாடு வளர்த்த தலைமுறை அவர். நம் முன்னோர்கள் வந்தபோது கூடவே கொண்டுவரப்பட்ட மாடுகளின் வழிவந்த இனத்துக்கு எல்.ஐ.டி. என்று கால்நடைத் துறையிலேயே பெயர் உண்டு. உள்ளூர் இந்தியக் கறவை என்று பொருள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, கால்வாய் ஓரம் கீரைப்பாத்தி, முருங்கை, கறிவேப்பிலை, நாலு கோழி என்று இருந்ததே, அதுவும் ஒருங்கிணைந்த பண்ணைதான். யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அது ஏன் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பால் வெட்டுகிறவருக்கு விடியற்காலையில் தொடங்கும் வேலை பிற்பகலுக்குள் முடிந்துவிடும். மீதிப் பகல் முழுவதும் புல்லறுக்கக் கிடைத்தது. பாட்டி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், பால்மரத்துக்கு அடியில் மேய்ச்சல் இலவசம். இன்று நீங்கள் இருட்டில் பஸ் ஏறி இருட்டில் இறங்குகிறீர்கள். நிலம் அதே நிலம்தான், கையில் நேரம் இல்லை. கறவை மாட்டுக்குக் காலையும் மாலையும் ஆள் நின்றாக வேண்டும். தைப்பூசத்தன்று பால்குடத்துக்குப் பால் கேட்டு வரிசையில் நிற்பார்கள், உண்மைதான். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தப் பாலை யார் சுமந்துகொண்டு குடியிருப்புத் தாமான்களுக்கெல்லாம் போவது?

செம்பனைக்குள் மாட்டை மேயவிடலாமே என்பார்கள். மரம் வளர்ந்து தலை மூடியபின் கீழே வெளிச்சம் இல்லை, புல்லும் இல்லை. முதிர்ந்த தோட்டத்தில் ஏறக்குறைய 4 ஹெக்டேருக்கு ஒரு மாடு என்றுதான் கணக்கு. அதாவது பத்து ஏக்கருக்கு ஒன்று. உங்களிடம் இருப்பது இரண்டு. அவிழ்த்துவிட்ட மாடு சாலைக்கு வந்து, மோட்டார் சைக்கிள்காரன் மோதிச் செத்தால் அந்தப் பாவமும் வழக்கும் உங்களுக்கு. மாமனாருக்காக வீட்டுப் பாலுக்கு ஒரு மாடு கட்டிக்கொள்ளுங்கள். அவர் மனம் குளிரும், பொங்கலுக்கும் ஆகும். அதைப் பண்ணைக் கணக்கில் எழுதாதீர்கள்.

சாண எரிவாயுவை ஏன் அடித்தேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு. ஐந்து மாடு கட்டினால் நாளுக்கு இரண்டு கன மீட்டர். அது சமையல் கேஸ் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைத் தரும். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு கேஸ் தோங், அதாவது சிலிண்டர். மானிய விலையில் 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 சென்னுக்குக் கிடைக்கும் நாட்டில் மாதம் 53 வெள்ளியை மிச்சம் பிடிக்கக் குழி வெட்டி, தொட்டி கட்டி, தினமும் 50 கிலோ சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றப் போகிறீர்களா? இந்தியக் கிராமத்தில் விறகும் கேஸும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் அது பெரிய வரம். இங்கே செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தை மூடி வாயு பிடிக்கிறார்களே, அந்த அளவில் அதற்கு அர்த்தம் உண்டு. உங்கள் அளவில் இல்லை. ஆட்டுப் புழுக்கையிலோ அது இன்னும் கடினம். ஊறவைத்து நசுக்காமல் கரையாது.

அசோலாவும் அப்படித்தான். தண்ணீரில் மிதந்தபடி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் அருமையான செடி, மறுக்கவில்லை. ஒரு சதுர மீட்டரில் நாளுக்குக் கால் கிலோ எடுக்கலாம். பத்துச் சதுர மீட்டர் தொட்டியில் இரண்டரைக் கிலோ பச்சையாக வரும். அதில் தண்ணீர் மட்டும் 94 விழுக்காடு. காயவைத்தால் 150 கிராம். அதிலுள்ள புரதம் கால் கிலோ புண்ணாக்கில் இருக்கும் புரதத்தைவிடக் குறைவு. அந்தக் கால் கிலோவுக்காக நிழல் வலை கட்டி, மழையில் தொட்டி வழிந்து செடி ஓடாமல் காவல் காக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமானால் ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக அடித்தது மீன்குட்டை. இதில் உங்கள் நிலத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பக்கம் ராஜா மூசா காட்டை ஒட்டிய கரிச்சதுப்பு மண், இன்னொரு பக்கம் கடலோரக் களிமண். இந்தக் களிமண்ணில் பல இடங்களில் ஆழத்தில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு பொருள் உறங்கிக் கிடக்கிறது. தோண்டிக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகிவிடும். குட்டை வெட்டிய ஆண்டே மீனெல்லாம் மிதக்கும், கரையில் போட்ட வாழையும் கருகும். ஆகவே பெரிய இயந்திரத்தை அழைக்குமுன் மண்வெட்டியால் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அடிமண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? வெளியே போட்ட மண் சில வாரங்களில் காய்ந்து, வைக்கோல் நிற மஞ்சள் கோடுகள் பூக்கின்றனவா? அப்படியானால் குழியை மூடிவிட்டு மீனை மறந்துவிடுங்கள். பக்கத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டை இருக்கிறது, அதில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: தண்ணீரையும் அடிச்சேற்றையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கன உலோகம் பார்த்த பிறகு பேசலாம். மீன் வேண்டும் என்று மனம் கேட்டால், இரண்டாம் ஆண்டில் கேன்வாஸ் தொட்டியில் கெலி விடுங்கள். அது காற்றையும் சுவாசிக்கும் மீன், கலங்கிய தண்ணீரைத் தாங்கும். மூன்று நான்கு மாதத்தில் விற்கும் அளவுக்கு வந்துவிடும். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது வாழைக்கு விடலாம், நல்ல உரம். கோழிக்குடலையும் செத்த கோழியையும் தீனியாகப் போட்டால் செலவு குறையும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி வளர்த்த மீனை உங்கள் மலாய் வாடிக்கையாளர்கள் தொட மாட்டார்கள், செய்தி ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நினைவுக்கு வருவது நிப்பா என்னும் கிருமி நோய். 1998இல் பேராக் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணை ஒன்றில் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் நின்றன. நிலத்தை வீணாக்காமல் இரட்டை வருமானம், எருவும் மரத்துக்கு; காணொளி எடுத்தால் அழகாக இருந்திருக்கும். வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகையில் விழுந்தது, பன்றி தின்றது, வௌவாலின் கிருமி பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்தது. 1999க்குள் நெகிரி செம்பிலான் வரை பரவி, நாட்டில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகும்போது ஒன்றின் நோயும் இன்னொன்றுக்குப் போகும். ஆகவே உங்கள் வரைபடத்தில் ஆட்டுக்கொட்டகைக்கு மேல் ரம்புத்தானும் மாமரமும் நிழல் தருவதாக வரைந்திருக்கிறீர்களே, அதை மாற்றுங்கள். பழமரம் கொட்டகையை விட்டுத் தள்ளி நிற்கட்டும். நிழலுக்கு முருங்கை, கிளிரிசிடியா போதும். இலையை ஆடு தின்னும். கோழியையும் ஆட்டுப் பரணுக்கு அடியில் விடாதீர்கள். 30 நாட்டுக்கோழிக்குத் தனியாகச் சின்னக் கூண்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் வாழைக்குள் திறந்துவிடல், அவ்வளவு போதும். உடும்பும் மலைப்பாம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இப்போது மிஞ்சியதைப் பார்ப்போம்: வெள்ளாடு, அதற்குப் புல், காய்கறிக்குப் பதிலாக வாழை, ஓரத்தில் கோழி.

இருபது பெட்டை, ஒரு கிடா. பத்து ஆட்டுக்கும் இருபது ஆட்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், வருமானம்தான் இரட்டிப்பு. பெட்டைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் வீதம் கணக்கிட்டுக் குட்டிகளுக்கும் இடம் விட்டால் 40 சதுர மீட்டர்ப் பரண் கொட்டகை போதும். தரையிலிருந்து ஆள் குனிந்து கூட்டும் உயரத்தில் பலகைத் தளம், பலகைகளுக்கிடையே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, சாரல் அடிக்காதபடி கூரையை நீட்டி இறக்கம். இந்த மழை நாட்டில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் குடற்புழு. ஈரப்புல்லின் அடியில் புழுக்குஞ்சு காத்திருக்கிறது. மேய்கிற ஆடு அதை விழுங்குகிறது. மருந்து கொடுத்துக் கொடுத்து மருந்துக்கும் புழு பழகிவிட்டது. பரணில் கட்டி, புல்லைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெயிலேறிய பிறகு அறுத்துப் போட்டால் பாதித் தொல்லை போய்விடும். இதைச் செய்யாமல் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆடு மெலிந்துகொண்டே போகும். கூரைத் தண்ணீரைத் தகரக் குழாயில் பிடித்துத் தொட்டிக்கு விடுங்கள். 40 சதுர மீட்டர்க் கூரையில் ஓராண்டில் 80,000 லிட்டர் விழுகிறது. அது புழுக்கைக்குள் விழுந்தால் உங்கள் உரமெல்லாம் கால்வாயோடு சிலாங்கூர் ஆற்றுக்குப் போய்விடும்.

இருபது ஆட்டுக்கு நாளுக்கு நூறு கிலோ பச்சை வேண்டும். அரை ஏக்கரில் நேப்பியர் வைத்தால் நன்றாக உரமிட்ட நிலத்தில் ஆண்டுக்கு 40 டன் அறுக்கலாம். நாளுக்கு 110 கிலோ. கணக்கு ஒத்துப்போகிறது. தாய்லாந்து பாக்சோங் கரணை விற்கிறவர்கள் இதைப்போல் இரண்டு மடங்கு சொல்வார்கள். கரணையை வாங்கிக்கொண்டு கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் அறுங்கள். அதற்கு மேல் முற்றினால் ஆடு தண்டை ஒதுக்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைந்தால் புல் நிற்கும். அதற்காக ஆண்டு இறுதி மழையில் மிஞ்சும் புல்லை நறுக்கி, நீலப் பீப்பாயில் அமுக்கி மூடி வையுங்கள்.

இங்கேதான் உங்கள் 'வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம்' உடைகிறது. 40 டன் புல் அந்த அரை ஏக்கரிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் நைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு வரும். இருபது ஆட்டின் புழுக்கை முழுவதையும் திருப்பிப் போட்டாலும் அதில் பாதிதான் மண்ணுக்குத் திரும்பும். மீதி மூத்திரத்தில் ஆவியாகிப் போகிறது, குட்டியாக விற்றுப் போகிறது. வட்டம் தானாக மூடுவதில்லை, தம்பி. எந்தப் பண்ணையிலும் மூடியதில்லை. இரண்டாவது ஆண்டு புல் மஞ்சளடித்து நிற்கும்போது பலர் விதையைக் குறை சொல்வார்கள்; குறை கணக்கில் இருக்கிறது. இப்போது புண்ணாக்குக்கு வாருங்கள். ஆட்டுக்கு நாளுக்கு 300 கிராம் வீதம் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வாங்குவீர்கள். அதில் 50 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. ஆடு அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பில் வைத்துக்கொள்ளும், மீதியைக் கீழே விடும். நீங்கள் வாங்கும் தீவன மூட்டை உரமூட்டையும்தான். ஆட்டுக்குள் ஒருமுறை புகுந்து வருகிறது. மூத்திரத்தையும் வீணாக்காமல் பரணுக்கு அடியில் சிமெண்டுச் சரிவு போட்டு ஒரு குழியில் பிடித்து, தண்ணீர் கலந்து புல்லுக்கு விட்டால் அந்தப் பற்றாக்குறையின் பெரும்பகுதி அடைபடும். மிச்சத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு மூட்டை உரம் வாங்கத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஞ்சகவ்யம் இந்த இடத்தை நிரப்பாது. அது தெளிக்கும் அளவில் பயிருக்கு ஊக்கம் கொடுக்கலாம், டன் கணக்கில் போன சத்தைத் திருப்பித் தராது.

வாழையைப் பழத்துக்கு என்று வைக்காதீர்கள். பெராங்கான் வகை வாழைக்குப் பனாமா வாடல் நோய் வந்தால் மண்ணிலேயே பல ஆண்டுகள் தங்கிவிடும், மருந்தில்லை. இலைக்கு வையுங்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கின்றன. கல்யாண மண்டபங்களும் கோயில்களும் இருக்கின்றன. கிழியாத இலைக்குக் காற்றுத் தடுப்பு வேண்டும்; உங்களுக்கு மூன்று பக்கமும் செம்பனை நின்று காற்றை இலவசமாகத் தடுக்கிறது. இதுவும் உள்ளூர் வளம்தான், காசு கொடுத்து வாங்க முடியாதது. கன்றை நோயில்லாத இடத்தில் வாங்குங்கள், கண்ட கிழங்கையும் நண்பர் கொடுத்தார் என்று கொண்டுவந்து நடாதீர்கள். ஓரத்தில் வெற்றிலை நாலு கொடி, தென்னை இரண்டு வைத்தால் தோரணத்துக்கும் தாம்பூலத்துக்கும் கேட்டு ஆள் வரும். இந்த வியாபாரத்தில் பெரிய நிறுவனங்கள் உங்களோடு போட்டிக்கு வரப்போவதில்லை. கங்கோங் கீரை, வெண்டை போட்டால் மொத்தச் சந்தையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆட்டுக்கு வாங்குபவரைத் தேட வேண்டியதில்லை. நாட்டில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து உறைந்து வருகிறது. உயிருள்ள உள்ளூர் ஆட்டுக்குத் தீபாவளி, முனியாண்டி பூசை, ஹரி ராயா ஹாஜி, மலாய்க்காரர் வீட்டில் குழந்தை பிறந்தால் அகீகா என்று ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. பூசைக்குக் கறுங்கிடா கேட்பார்கள், ஆகவே குட்டியின் நிறத்துக்கும் விலை உண்டு. ஹாஜிப் பெருநாள் குர்பானுக்கு வயதும் ஊனமின்மையும் பார்ப்பார்கள். காது கிழிந்த கிடாவை யாரும் தொட மாட்டார்கள், ஆகையால் காதில் அடையாள வில்லை குத்தும்போது கவனம். ஹாஜிப் பெருநாள் ஆண்டுக்கு 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். நாள்காட்டியைப் பார்த்துக் கிடாவைச் சேர்க்கிறவர் விலையைத் தாம் சொல்கிறார். இருபது பெட்டையில் ஆண்டுக்கு 20 முதல் 25 குட்டி விற்பனைக்கு நின்றால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். நாற்பது வரும் என்று எவராவது எழுதிக் காட்டினால், அவர் உங்களுக்கு ஆடு விற்க வந்திருக்கிறார்.

பணத்தைப் பற்றி. 20,000 வெள்ளியில் பாதியைக் கொட்டகை தின்றுவிடும். மீதியில் இருபது ஆட்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் புல்லை நடுங்கள். அது இரண்டு முறை அறுப்புக்கு வந்த பிறகு எட்டுப் பெட்டை வாங்குங்கள், கலப்பு இனம், ஒருமுறையாவது ஈன்றவை. காச்சாங் என்னும் நம் நாட்டு ஆடு சிறிது, ஆனால் இந்த ஈரத்துக்கு அசையாது. ஜமுனாபாரி, போயர் கலந்த பெட்டை எடை போடும். சுத்தமான போயரை விலை கொடுத்து வாங்கி முதல் அடைமழையில் இழந்தவர்கள் நிறையப் பேர். சந்தையில் பல இடத்து ஆட்டைக் கலந்து வாங்கினால் கோமாரியும் சேர்ந்து வரும். ஒரே பண்ணையில், கால்நடைச் சேவைத் துறையில் பதிவான பண்ணையில் வாங்கி, மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பாருங்கள். மீதிப் பெட்டைகளை நீங்களே பிறக்கவைத்து நிரப்பலாம். புண்ணாக்குக்கும் மருத்துவருக்கும் ஓராண்டுப் பணத்தைத் தொடாமல் வங்கியில் வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நிலப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் ஆயுள் முழுவதும் உழைத்தும் ஒரு அடி நிலம் இல்லாமல் வெளியேறியவர்கள்தான் நம்மில் அதிகம். 1960இல் அமைச்சராக இருந்த சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட அந்தக் காலத்தில்தான். உங்கள் தாத்தா நிலம் வைத்துப் போனது பெரிய காரியம். ஆனால் அது முழுப் பட்டாவா, டி.ஓ.எல். நிலமா? டி.ஓ.எல். என்றால் அரசு நிலத்தில் தற்காலிகமாக இருக்கத் தரும் உரிமம், அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். அதில் சிமெண்டுக் கொட்டகை கட்டுவது ஆற்றில் கொட்டுவதற்குச் சமம். பட்டா என்றால் நிலத்தின் வகை விவசாயம் என்று இருக்கிறதா, தாத்தாவின் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கோ எல்லா வாரிசுகளின் பெயருக்கோ மாறியிருக்கிறதா? மச்சான்கள் இன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருபது ஆடு நாற்பதாகத் தெரியும் நாளில் சொல்வார்கள். பக்கத்துத் தாமான் எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துகொண்டு உள்ளாட்சி மன்றத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கிடாவின் வாடை காற்றில் நெடுந்தூரம் போகும்.

வேலைப் பங்கீட்டை உங்கள் வரைபடத்தில் எங்கும் காணவில்லை. புல்லறுக்கவும் சுமக்கவும் நாளுக்கு இரண்டு மணி நேரம், கூட்டவும் தீனி வைக்கவும் ஒரு மணி நேரம் பிடிக்கும். மாமனாருக்கு முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு கிலோ புல்லை அவரால் சுமக்க முடியாது, ஆனால் நோயுள்ள ஆட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருக்கும். கொட்டகையை அவரும் கணக்கையும் வாழையிலை விற்பனையையும் உங்கள் மனைவியும் பார்க்கட்டும். புல் உங்கள் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையிலும் அது உங்கள் வேலைதான். அதனால் புல்லைக் கொட்டகையை ஒட்டியே நடுங்கள், தள்ளுவண்டி போகும் அகலத்துக்கு நடுவே பாதை விடுங்கள், கையால் நறுக்காமல் சிறிய மின்நறுக்கி ஒன்றை முதல் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் வாரங்களில் யார் அறுப்பார் என்பதற்கு ஒரு பெயரை எழுதி, பட்டாவின் நகலோடு அனுப்புங்கள். கொட்டகையின் அளவுகளையும் எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பதையும் அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.